பரங்கிமலைச் சிலுவைக் கல்

கருங்கல்லில் புடைப்புச் சிற்பம், பஹ்லவி கல்வெட்டுடன்

பரங்கிமலை சென்னையில் உள்ள குன்று. மேலே இருப்பது 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய தேவாலயம். 1547இல் இங்கு தோண்டியபோது இந்தக் கல் கிடைத்தது. இப்போது பலிபீடத்தின் மேல் பதிந்திருக்கிறது.

சிலுவையின் முனைகளைப் பாருங்கள்: மொட்டுகளாக விரிகின்றன. உச்சியில் இறங்கிவரும் புறா. இருபுறத் தூண்களின் மேல் மகரங்கள், நம் கோயில் தோரணங்களில் பார்த்துப் பழகிய அதே மகரங்கள்தாம். சுற்றி ஓடும் எழுத்தோ பாரசீகத்தின் பஹ்லவி. அதன் வாசகத்தை அறிஞர்கள் இன்றும் வெவ்வேறு விதமாகப் படிக்கிறார்கள். இதே வகைச் சிலுவை கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும் உண்டு. போர்ச்சுகீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததற்கு இந்தக் கல்லே வலுவான சாட்சி.

இயேசுவின் சீடர் புனித தோமையாரே இதைச் செதுக்கினார் என்பதும், 1558 முதல் சில ஆண்டுகளில் டிசம்பர் 18 அன்று ரத்தம் கசிந்தது என்பதும் பக்தர்களின் மரபு. எழுத்தமைதி அவர் காலத்துக்கு வெகுவாகப் பிந்தியது.

மலைப்படிகள் 18ஆம் நூற்றாண்டு ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ருஸ் உஸ்கானின் கொடை.

திருப்பலி நடக்கும்போது பீடத்தருகே செல்லாமல், முடிந்தபின் நிதானமாகப் பாருங்கள்.