இஞ்சிக்கு ஒரு மழைக்கூரை

ஆடி மாதத்தில் இஞ்சிப் பாத்திக்குள் இறங்கிப் பார்த்தால், சில தூர்களில் கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வரும். தண்டைப் பிடித்து லேசாக இழுங்கள், கையோடு வந்துவிடும். அடியில் கிழங்கு கூழாகியிருக்கும். இதுதான் கிழங்கழுகல். பித்தியம் என்ற, பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிரி செய்கிற வேலை. அதன் வித்துகள் ஈரத்தில் நீந்தக்கூடியவை. மேல் பாத்தியில் ஒரு தூர் அழுகினால், சரிவில் வழிகிற தண்ணீர் அதைக் கீழ்ப் பாத்திகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கேரள மலையூரான பீர்மேட்டில் சரிவுக்கும் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. 2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கேரளத்தை மூழ்கடித்த பெருமழையை ஆராய்ந்த மத்திய நீர் ஆணையம், அந்த மழையின் மையமாகக் காட்டியது இந்த ஊரைத்தான். எனவே இங்கே இஞ்சிக்குப் பசுமைக்குடில் போட நினைப்பவர் குளிரைத் தடுக்கும் கண்ணாடிக் கூடத்தை மறந்துவிடலாம். நான்கு பக்கமும் அடைத்த பாலிதீன் கூடாரமும் வேண்டாம். மழைக்காலத்தில் அதற்குள் காற்று ஓடாது, ஈரம் தங்கும், இலைப்புள்ளி நோய் பெருகும். தேவைப்படுவது, மலையாளத்தில் ‘மழமற’ என்று சொல்கிறார்களே, அது. தலைக்கு மேலே பாலிதீன் தாள், பக்கங்கள் திறந்தபடி. கேரளத்தில் காய்கறிக்கு இது பழகிய முறை. புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் தாள் போடுவார்கள். பீர்மேட்டை அடுத்த குட்டிக்கானம் பக்கத்துக் காற்றுக்குச் சட்டத்தைத் தரையோடு இறுக்கிக் கட்ட வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் முதல் காற்றிலேயே கூரை பறந்துவிடும். நிழல்வலையும் போட வேண்டுமா என்று கேட்பார்கள். இஞ்சிக்கு இளநிழல் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேகமும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில் வெளிச்சமே குறைவு. வலைக்குச் செலவழிப்பதைவிட, தாளின் மேல் படியும் பாசியைக் கழுவிக்கொண்டிருப்பது மேல்.

கூரை போட்டதும் வேறொரு சிக்கல் வரும். இஞ்சி போட்ட மண்ணில் மறு வருடமும் இஞ்சி போடக் கூடாது என்பது எல்லா விவசாயியும் அறிந்தது. நோய்க்கிருமி மண்ணிலேயே தங்கிவிடும். வயலை மாற்றலாம், பக்கம் திறந்த இந்தக் கூடாரத்தை மாற்ற முடியாது. அதனால் கூடாரத்துக்குள் தரையில் நடாமல் பையில் நட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் கிடைக்கும் தென்னைநார்க் கழிவை, உப்பு போகக் கழுவி மட்க வைத்து, மண்புழு உரத்தோடு கலந்து நிரப்பலாம். ஒரு பையில் நோய் வந்தால் அந்தப் பையோடு அது முடியும். அறுவடைக்குப் பிறகு பழைய கலவையை மிளகுக்கோ காபிக்கோ போட்டுவிடலாம், நோய் கண்ட பையைத் தவிர.

இனி கணக்கு. இந்த இடத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வரதா, ரஜதா, மகிமா ஆகிய ரகங்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 22 டன்னையொட்டிப் பச்சை இஞ்சி தரும். 100 சதுர மீட்டர் கூடாரத்துக்கு, அதாவது இரண்டரை சென்ட் இடத்துக்கு, இதைப் பிரித்தால் 220 கிலோ. பையில் கவனமாக வளர்த்து அதை இரண்டு மடங்காக்கினாலும் 440 கிலோதான். எதிரே நிற்பது எது? வயநாட்டு விவசாயிகள் குடகிலும் மைசூர்ப் பக்கத்திலும் ஏக்கர் ஏக்கராகக் குத்தகைக்கு எடுத்து விளைவிக்கும் இஞ்சி. 2023-இல் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துப் பலரும் நட்டார்கள், பிறகு விலை விழுந்தது. அந்த லாரிச் சரக்கோடு கூடாரத்து இஞ்சி எடையில் போட்டியிட முடியாது. கூடாரம் போட்டால் எந்தப் பயிரும் லாபம் தரும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆனால் அதே இரண்டரை சென்ட் கூரையால் வேறு இரண்டு வேலைகள் செய்ய முடியும்.

முதலாவது, நாற்று. வழக்கமாக ஒரு ஏக்கருக்கு 600 முதல் 700 கிலோ விதை இஞ்சி போகிறது. விலை ஏறிய வருடத்தில் மொத்தச் செலவில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். கோழிக்கோடு நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில், கிழங்கை ஒரே முளையுள்ள ஐந்து கிராம் துண்டுகளாக வெட்டி, குழித்தட்டில் மூன்று பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் நிரப்பி நடுகிறார்கள். 30 முதல் 40 நாளில் நாற்று தயார். ஏக்கருக்கு ஏறக்குறைய 40,000 நாற்று என்றால் விதைக்கிழங்கு 200 கிலோ போதும். 98 குழித் தட்டாக அடுக்கினால் ஏக்கருக்கான நாற்று முழுவதும் அந்த 100 சதுர மீட்டருக்குள் அடங்கும். மார்ச்சில் வெட்டி வைத்தால் மே மாத முதல் மழைக்கு, அழுகிய துண்டுகளைக் கழித்துவிட்டு, உயிரோடு இருப்பதை மட்டும் வயலில் நடலாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் நாற்று விற்கலாம்.

ஹவாய்த் தீவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்கே பாக்டீரியா வாடல் நோய் இஞ்சி வயல்களை அழித்தபோது, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் கூடாரத்துக்குள் மண்ணைத் தொடாமல் நோயற்ற விதை இஞ்சி வளர்க்கும் முறையை உருவாக்கி, 2004-இல் விவசாயிகளுக்கான கையேடாக வெளியிட்டார்கள்.

இரண்டாவது, இளம் இஞ்சி. மே மாதம் திறந்த வெளியில் நட்டது ஓணத்துக்கு மூன்று நான்கு மாதப் பயிராகத்தான் இருக்கும். கூரைக்குள் பிப்ரவரி நடுவில் பையில் நட்டால் ஓணத்துக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும். நார் முற்றாத, தோல் மெல்லிய கிழங்கு. ஓண விருந்தின் இஞ்சிப்புளிக்கு வேறென்ன வேண்டும்? ரியோ டி ஜெனிரோ ரகம் இதற்கு ஏற்றது. ஓணம் முடிந்தால் மலையிறங்கிக் கம்பம், தேனி, மதுரைப் பக்கம் தீபாவளி லேகியத்துக்குக் கேட்பார்கள். சில பைகளைக் கூடாரத்திலேயே தாமதமாக நட்டு வைத்தால் பொங்கலுக்கு இலையோடு இஞ்சிக் கொத்தும் தரலாம். அதை எடை போட்டு யாரும் வாங்குவதில்லை. பச்சை மாறாமல் போய்ச் சேர்ந்தால் போதும். குமுளி வழியாக இறங்கினால் கம்பம் பக்கம்தான்.

பிப்ரவரியில் நடுவதற்குத் தண்ணீர்? கூரையே தரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழைக்கே 10,000 லிட்டர் சேரும். தாளின் ஓரத்தில் தகரவாய்க்கால் கட்டி ஒரு தார்ப்பாய்க் குட்டையில் சேர்த்து மூடி வைத்தால் கோடையைத் தாண்டலாம்.

விதை வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய இடம். விதை விற்கும் ஜனவரியில் செடி காய்ந்து நோய் தெரியாது, கிழங்கு பார்க்க அழகாக இருக்கும். அதனால் ஆவணியிலேயே அந்தத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். வாடிய செடி இருந்தால் தண்டைக் குறுக்கே வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் நனையும்படி நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல் இறங்கித் தண்ணீர் கலங்கினால் அது பாக்டீரியா வாடல். பக்கத்துப் பாத்தி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அந்தத் தோட்டத்து விதையை வாங்காதீர்கள்.