கினிப்பன்றிக்கு முயல் தீவனம் மட்டும் போதாது

முயல் வளர்ப்போர் சிலர், குழந்தைகளின் ஆசைக்காக இரண்டொரு கினிப்பன்றிகளையும் வாங்கி வந்து, முயலுக்கு இடும் தீவனத்தையே இட்டு வளர்க்கின்றனர். மூன்று வாரம் நன்றாகத் துள்ளித் திரிந்த பிராணி திடீரென மூலையில் ஒடுங்குகிறது. மூட்டு வீங்குகிறது, தொட்டால் வலி தாளாமல் கத்துகிறது, ஈறில் இரத்தம் கசிகிறது. வாதம் என்றோ குளிர் தாக்கியது என்றோ எண்ணி விட்டுவிட்டால் இறந்தும் போகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் வைட்டமின் 'சி' பற்றாக்குறையே.

முயல், ஆடு, மாடு ஆகியவை இச்சத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக் கொள்ளும். மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. 1907ஆம் ஆண்டு நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் வெறும் தானியத்தைக் கொடுத்து, மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோயை இப்பிராணியிடமும் கண்டனர். (பெயர்தான் பன்றி, உண்மையில் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி.)

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லி கிராம் வைட்டமின் 'சி' தேவை. சினைப் பிராணிக்கு மேல் அளவே வேண்டும். இதற்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. கொய்யாப் பழத்தில் 10 கிராம் எடையுள்ள ஒரு துண்டு ஏறக்குறைய 20 மில்லி கிராம் தரும். கொத்தமல்லித் தழை, குடமிளகாய்த் துண்டு ஆகியவையும் ஏற்றவை. பச்சையாகவும் வாடாமலும் இருக்க வேண்டும். வேகவைத்தால் சத்து அழிந்துவிடும். மாத்திரையைக் குடிநீரில் கரைத்து வைப்பது பயன் தராது. சில மணி நேரத்தில் வீரியம் குறைந்துவிடும்.

ஆனால் வயிறு நிறைய வேண்டியது புல்தான். அருகம்புல், உலர்த்திய தீவனப்புல் ஆகியவை கூண்டில் எப்போதும் இருக்கட்டும். இதன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. நார் மிகுந்த புல்லை அரைத்தால்தான் தேயும். வைக்கோல் படுக்கைக்கு ஆகும். அதையே தீவனமாக நம்பக் கூடாது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குட்டிகளுக்கும் சினைப் பிராணிக்கும் அது நல்லது. வளர்ந்தவற்றுக்குத் தினமும் இட்டால் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும். குச்சித் தீவனம் நாளுக்கு 15 முதல் 20 கிராம் போதும். சோறு, ரொட்டி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, பூசணம் பிடித்த பிண்ணாக்கு, மருந்து தெளித்த வரப்புப் புல் ஆகியவற்றை அண்டவிடலாகாது.

வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்லது. வீக்கம் தெரியும் முன்னே எடை குறையும். ஒரு நாள் முழுதும் தீனி எடுக்காத பிராணியை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாட்டுக்கென வீட்டில் வைத்திருக்கும் பென்சிலின் வகை மருந்தை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது. குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, ஒரு சில நாட்களிலேயே பிராணி இறந்துவிடும்.