நிறுக்கும் முன் இலக்கத்தைப் பாருங்கள்

பழைய இரும்பு வியாபாரம் நம்மவர்களுக்குக் கைவந்த தொழில். 2002இல் ஏ9 பாதை திறந்தபோதும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் வன்னிக்குள் பழைய இரும்பு தேடிப் போனவர்களில் நமது வியாபாரிகளும் இருந்தார்கள். கிலோக் கணக்கில் நிறுத்து ஏற்றிய அந்த இரும்போடு போகக்கூடாத ஒரு பொருள் உண்டு. பழைய சிங்கர் தையல் மெஷின்தான் அது.

மேல்நாடுகளில் பழைய வீட்டுச் சாமான் சேகரிப்போர் வெக்கியூம் கிளீனரைக்கூட விட்டுவைப்பதில்லை. வன்னியில் அதைத் தேடிப் பயனில்லை. யுத்த காலத்தில் தேசிய மின்சாரமே இல்லாதிருந்த பூமி இது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சொட்டு மண்ணெண்ணெய்யில் விளக்கு எரித்தார்கள். ஆகவே இங்கு மதிப்போடு நிலைத்தவை கரன்ட் கேட்காத சாமான்களே: சேவல் உருவம் வைத்த சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப்பெட்டி, பெற்றோமாக்ஸ், கையால் சுற்றும் தையல் மெஷின்.

சிங்கர் கம்பனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணை முறையில் விற்கும் வித்தையை உலகுக்குப் பழக்கியதில் அந்தக் கம்பனிக்குப் பெரிய பங்குண்டு. (இன்று நம் வீடுகளில் தவணைக்கு வராத சாமான் எது?) மெஷினின் வலது பக்க அடித்தட்டில் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். 1900 முதல் அதன் முன்னால் ஆங்கில எழுத்தும் சேர்ந்தது. ஜே, எஃப், வை என்று தொடங்கினால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 1980இல் மூடப்பட்ட தொழிற்சாலை அது. அந்த இலக்கத்தைக் கொண்டு மெஷின் எந்த ஆண்டினது என்பதையும் அறியலாம்.

சேகரிப்போர் பார்ப்பது இலக்கத்தையும், கறுப்பு உடலில் உள்ள பொன்நிறச் சித்திரத்தையும், உள்ளே நூல் கொண்டு ஓடும் படகு வடிவ உறுப்பு இருக்கிறதா என்பதையும்தான். புதுப் பெயின்ற் அடித்தால் மதிப்புப் போயிற்று. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மேற்பூச்சோடு சித்திரமும் கரைந்துவிடும். மெஷின் எண்ணெய்யும் மெல்லிய துணியும் போதும். அவசரப்பட்டு உடைத்தவருக்கு இரும்பு விலைதான் கிடைக்கும்.

இலாபத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டபோது சாமான்களைக் கொண்டுபோக முடியவில்லை. 2009இல் தமிழ்ச் சகோதரர்களும் ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டே ஓடினார்கள். ஆகவே அந்த மண்ணில் விலைக்கு வரும் மெஷின் ஒரு விதவைத் தாயின் சீவனோபாயமாக இருந்திருக்கலாம். கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவிக்க வேண்டும் என்பது மார்க்கத்தில் நாம் படித்தது. உரிமையாளர் விட்டுப்போன பொருளை விலைக்கு வாங்குவது பற்றி உலமாக்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விற்பவரிடம் ‘இது யாருடையது, எப்படி வந்தது’ என்று கேட்பதற்கு ஃபத்வா தேவையில்லை. பதில் தடுமாறினால் வாங்காதீர்கள். மற்ற மெஷின்களின் இலக்கத்தையும் விற்றவரின் ஊரையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் யாரிடமாவது உம்மாவின் மெஷினுக்குத் தவணை கட்டிய பழைய துண்டு கிடந்தால், அதில் இலக்கம் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.