காரில் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் சின்ன மோட்டாரைப் பாருங்கள்

தீபாவளி ஒளியூட்டு நேரம். சிராங்கூன் சாலையில் கார் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தேக்காவில் நிறுத்த இடம் கிடைக்க இன்னும் எவ்வளவு நேரமாகுமோ தெரியாது. பின்னிருக்கையில் பாட்டியும் பேரப் பிள்ளைகளும். ஏசி விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் வருவது வெதுவெதுப்பான காற்று. போதாததற்கு டேஷ்போர்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம்.

இப்படி நடந்தால் நம்மில் பலர் மறுநாள் பட்டறைக்குப் போய்ச் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, கேஸ் இறங்கிப் போச்சு போல, கொஞ்சம் ஏத்தி விடுங்க.” கேஸ் ஏற்றுவார்கள், பணமும் கொடுப்போம். ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே பழைய கதை தொடங்கிவிடும்.

கேஸ் குறைவதும் உண்டுதான். ஆனால் ‘டிக் டிக்’ சத்தத்துடன் குளிர்ச்சி போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன மோட்டாரை. உள்ளூர்ப் பட்டறைகளில் இதை ‘சர்வோ மோட்டார்’ என்பார்கள். உதிரிபாகப் பட்டியலில் ‘ஆக்சுவேட்டர்’ என்று இருக்கும்.

டேஷ்போர்டுக்குள் மூன்று கதவுகள்

டேஷ்போர்டின் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. விசிறி தள்ளும் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டிக் குளிர்கிறது. அதே பெட்டிக்குள், எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டரும் பல கார்களில் உண்டு. ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு என்று தோன்றலாம். பல நாடுகளுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் கார் என்பதால் அதுவும் கூடவே வருகிறது. வெப்பமண்டல நாடுகளுக்கென்றே வரும் சில கார்களில் ஹீட்டர் இருக்காது.

பெட்டிக்குள் காற்றின் வழியை முடிவு செய்பவை சிறு கதவுகள். ஒன்று, குளிர்காற்றும் சூடான காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இன்னொன்று, காற்று முகத்துக்கா, காலுக்கா, முன்கண்ணாடிக்கா என்று பிரித்து விடுகிறது. மூன்றாவது, வெளிக்காற்றை உள்ளே எடுப்பதா, உள்ளே இருப்பதையே சுற்றவிடுவதா என்று பார்த்துக்கொள்கிறது.

பழைய கார்களிலும் சில வேன்களிலும் குமிழைத் திருகினால் ஒரு கம்பி அந்தக் கதவை இழுக்கும். இப்போதைய பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு கதவுக்கும் தனி மோட்டார். அதற்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு பல் உடைந்தாலும் சக்கரம் வழுக்கும். அதுதான் நமக்குக் கேட்கும் ‘டிக் டிக்’. மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், கதவு நகராது. வெப்பக் கதவு பாதியில் நின்றுவிட்டால், கூலிங் காயில் எவ்வளவு குளிர்ந்தாலும் ஹீட்டரின் சூடு அதனுடன் கலந்துகொண்டே இருக்கும்.

சிஓஇ காலாவதியானதும் காரைக் கைவிடாமல் இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்பவர்கள் நம்மிடையே பலர். 10 ஆண்டு வெயிலைப் பார்த்த பிளாஸ்டிக்கும் அந்தக் காருடன் சேர்ந்தே வயதாகிறது என்பதை அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கதவு சிக்கியது?

வெப்ப அளவை மிகக் குறைவிலிருந்து மிக அதிகத்துக்கு மாற்றிப் பாருங்கள். காற்றின் வேகம் அப்படியே இருந்து சூடும் குளிரும் மாறாவிட்டால், வெப்பக் கதவின் மோட்டார்மீது சந்தேகம் வரலாம். இரு பக்கமும் தனித்தனி வெப்ப அளவு வைக்கும் கார்களில் ஓட்டுநர் பக்கம் குளிர்ந்து, பக்கத்து இருக்கையில் மட்டும் சூடாக வருவதும் இதற்கான அடையாளம்.

காற்றின் திசை மாறவில்லை என்றால் திசைக் கதவு. இது வசதிக் குறைவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும் ஊர் இது. குளிர்காற்று ஓயாமல் முன்கண்ணாடியிலேயே அடித்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படரும். காற்று கண்ணாடிப் பக்கம் போகவே மறுத்தால், அடைமழையில் உள்பக்கம் மங்கும்போது துடைக்க வழியிருக்காது. விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது கதவு வெளிக்காற்றுப் பக்கம் சிக்கினால், புகைமூட்டக் காலத்திலும் சுரங்கச் சாலைகளிலும் வெளிப்புகை உள்ளே வரும். உள்காற்றுப் பக்கமே சிக்கினால், கோலாலம்பூர் வரை நான்கைந்து பேருடன் போகும் பயணத்தில் மூச்சுக்காற்றின் கரியமிலவாயு உள்ளேயே சேர்ந்து தூக்கக் கலக்கம் வரலாம்.

கேஸா, மோட்டாரா?

கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடிக்காமல் மேலும் மேலும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல.

ஓர் எளிய சோதனை உண்டு. ஏசியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எஞ்சினை முழுவதுமாக அணைத்துவிட்டு, உடனே பானெட்டைத் திறங்கள். ஏசிக்குச் செல்லும் இரு அலுமினியக் குழாய்களில் தடித்ததைத் தொட்டுப் பாருங்கள். அது நன்றாகக் குளிர்ந்து நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தால், கேஸும் கம்ப்ரஸரும் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன. குளிர் உள்ளே உண்டாகிறது, நம்மிடம்தான் வந்து சேரவில்லை. அப்படியானால் தேட வேண்டிய இடம் டேஷ்போர்டு. குழாய் குளிரவே இல்லை என்றால் கேஸ், கம்ப்ரஸர் பக்கம் பார்க்கச் சொல்லலாம்.

சோதனையின்போது கவனம் தேவை. எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி சுற்றக்கூடும், அதன் அருகே கை வேண்டாம். ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு நிற்பது இங்குச் சட்டப்படி குற்றம் என்பதால், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சோதிப்பதே நல்லது.

மாற்றும் வேலை

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே செலவு. குளோவ் பாக்ஸின் பின்னால் இருந்தால் வேலை சுலபம். சில கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அங்கே பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும்.

நல்ல மெக்கானிக் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருப்பார். அருகில் ஏர்பேக் வயர்கள் இருப்பதே காரணம். பிறகு குளோவ் பாக்ஸைக் கழற்றி, மோட்டாரின் வயர் இணைப்பையும் அதைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகுகளையும் எடுப்பார்.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். மோட்டார் வெளியே வந்ததும் கதவின் தண்டைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் தடையின்றிப் போனால் கதவு நன்றாக இருக்கிறது, மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். கதவே இறுகியிருந்தால் புது மோட்டாரும் சீக்கிரம் பல் உடையும். முன்கண்ணாடி ஓரத் துளைகள் வழியாக விழுந்த பேனா, நாணயம், அந்நாளில் கிழித்த கார் நிறுத்தக் கூப்பன் துண்டு எதுவும் உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம்.

புது மோட்டாரைப் பொருத்தியபின், கதவின் இரு எல்லைகளையும் காரின் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில கார்கள் சாவியைத் திருப்பியதும் தாமாகவே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தால், மோட்டாரை மாற்றும் முன் இந்தக் கற்றல் வேலையை மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

பட்டறையில் என்ன கேட்பது?

சின் மிங்கோ, காக்கி புக்கிட்டோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும் வேலை தொடங்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். கோளாறு மோட்டாரிலா கதவிலா என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? டேஷ்போர்டைக் கழற்ற வேண்டுமா? பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு? உத்தரவாதம் எத்தனை மாதம்? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய மோட்டாரையும் கேட்டு வாங்குங்கள். அதைத் திறந்தால் உடைந்த பல் கண்ணுக்கே தெரியும்.

தகராறு வந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. ரசீது கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

தனியார் வாடகைக் கார் ஓட்டும் நம்மவர்களுக்கு ஏசி சொகுசன்று, அது பிழைப்பு. பயணி இறங்கும்போது முகம் சுளித்தால் அன்றைய உழைப்பே கசந்துவிடும். அடுத்த முறை டேஷ்போர்டுக்குள் ‘டிக் டிக்’ கேட்டால், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தத் தடித்த குழாயை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.