பிள்ளை பெயர் பூட்டு ஆகாது!

என் நாத்தனார் வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறார். சென்ற மாதம் அவருடைய ஈமெயிலை யாரோ திறந்து, 'அவசரம், பணம் அனுப்புங்கள்' என்று வாடிக்கையாளர்களுக்கெல்லாம் எழுதிவிட்டார்கள். அதை நம்பி ஒரு பெண்மணி எட்டாயிரம் ரூபாய் அனுப்பியும் விட்டார்.

"அண்ணி, பெரிய எழுத்து, அட் குறி, நம்பர் எல்லாம் போட்டுத்தானே பாஸ்வேர்டு வச்சேன்! அப்புறமும் எப்படி?" என்று அழாத குறை நாத்தனாருக்கு.

அவர் வைத்திருந்தது மகளின் பெயர், நடுவில் அட் குறி, கடைசியில் பிறந்த வருஷம். பிறந்த நாள் படம் போட்டு, பெயரையும் வயதையும் நாமேதான் ஊருக்குச் சொல்லிவிடுகிறோமே!

கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள் என்பதால், தெரிந்ததைத் தோழியருக்குச் சொல்கிறேன். பாஸ்வேர்டு திருடுபவன் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஏற்கெனவே வெளியான பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்து, கம்ப்யூட்டரையே முயன்று பார்க்க விடுகிறான். 2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் வெளியாயின. அதில் முதலிடம் 123456-க்கு! 'ஏ'-க்குப் பதில் அட் குறி, கடைசியில் 123 என்பதெல்லாம் அவனுக்குப் பழைய கதை.

பலம் நீளத்தில்தான் இருக்கிறது. அர்த்தமில்லாமல் 8 சின்ன ஆங்கில எழுத்துக்களைப் போட்டால் சுமார் 20,880 கோடி விதம் வரும். வேகமான கம்ப்யூட்டருக்கு இது பெரிய விஷயமில்லை. இன்னும் 4 எழுத்து கூட்டிப் பாருங்கள், அதன் வேலை நாலரை லட்சம் மடங்குக்கு மேல் கூடிவிடும்!

அகராதியைக் கண்ணை மூடிப் புரட்டி, ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 'ஆட்டுக்கல் ரயில் வெந்தயம் குடை' என்பது மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்!) பழமொழி, சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

ஈமெயிலுக்கு மட்டுமாவது தனி பாஸ்வேர்டு வையுங்கள். மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் பெரும்பாலும் அங்கேதான் வரும். மறந்துவிடும் என்றால் நோட்டில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். செல்போன் கவரில் செருகாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மீறிப் பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

நாலு பவுன் நகைக்கு நாலு கடை ஏறி இறங்கிப் பூட்டு வாங்குகிறோம். இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கக் கூடாதா? பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரி சொல்கிறேன், கேளுங்கள்!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.