தபால்தலைக்குச் சான்றிதழ் வேண்டுமா?

சென்ற கோடை விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது, தாத்தாவின் தபால்தலை நோட்டு என் கைக்குக் கிடைத்தது. நம் திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களின் உருவம் தாங்கி, 1967-இல் வெளிவந்த 15 பைசாத் தபால்தலையும் அதில் இருந்தது. "நிபுணர்களிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கினால் விலை ஏறுமாமே!" என்றாள் என் தோழி. அது உண்மைதானா என்று விசாரித்தேன். அறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகிறேன்.

இலண்டன் ராயல் பிலாட்டிலிக் சங்கத்தின் நிபுணர் குழு 1894 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. தாள், நீர்க்குறி, ஓரத்துப் பற்கள், பின்புறப் பசை, தபால் முத்திரை ஆகிய யாவற்றையும் உற்று நோக்குவார்கள். கிழிசலை ஒட்டி மறைத்திருந்தாலும், புதிதாகப் பசை தடவியிருந்தாலும் கண்டுபிடித்து எழுதிவிடுவார்களாம். இதற்குக் கட்டணம் உண்டு.

காந்தியடிகளின் நினைவாக 1948 ஆகஸ்டு 15 அன்று 10 ரூபாய்த் தபால்தலை ஒன்று வெளியிடப்பட்டது. அவற்றுள் 100 மட்டும் 'சர்வீஸ்' என்ற சொல் மேலே அச்சிடப்பட்டு, கவர்னர் ஜெனரலின் உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டன. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் 5 இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று! சாதாரண பத்து ரூபாய்த் தலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு சொல்தான். ஒரு சொல்லை அச்சடிக்க எத்தருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இத்தகைய தலையைச் சான்றிதழ் இல்லாமல் வாங்குபவர் பணத்தைக் கிணற்றில் போடுபவரே.

ஆயினும் நிபுணரும் ஏமாறுவதுண்டு. அமெரிக்காவில் விளையாட்டு வீரர்களின் படச் சீட்டுகளுக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் இடுகிறார்கள். ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் பழைய சீட்டொன்று 1991-இல் 8 மதிப்பெண் பெற்றது. அதன் ஓரங்களைத் தாமே கத்தரித்ததாக அதனை விற்ற வியாபாரி 2013-இல் ஒப்புக்கொண்டார்!

நம் இராதாகிருஷ்ணன் தபால்தலையோ கடைகளில் சில ரூபாய்க்கே கிடைக்கிறது. அதைப் போலியாகச் செய்து எவருக்கு என்ன லாபம்? சான்றிதழ் வாங்கினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். போதாக்குறைக்கு, தாத்தா அதைச் சோற்றுப் பருக்கையால் நோட்டில் ஒட்டியிருக்கிறார்! முத்திரை குத்திய தலையாதலால், தாளோடு வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அரை மணியில் தானாகக் கழன்று வந்தது. இப்போது என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.