பீலி ஒழுகுகிறதா? கழற்றும் முன் ஏறிப் பாருங்கள்

சோழகம் ஓய்ந்து புரட்டாதி பிறந்ததும் யாழ்ப்பாணத்து வீடுகளில் கூரைக்கு ஆள் ஏற்றுவார்கள். உடைந்த ஓட்டை மாற்ற யாரும் மறப்பதில்லை. மறந்தால் படுக்கையில் ஒழுகும். பீலியை மட்டும் விட்டுவிடுகிறோம். அது ஒழுகினால் தண்ணீர் முற்றத்தில்தானே விழுகிறது என்ற எண்ணம். பிறகு மாரி இறங்குகிறது. சுவர் நனைந்து ஊறுகிறது. வேலையாள் கிடைக்காத அந்த நாளில், “எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசா அடியுங்கோ” என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தச் செலவு பல வீடுகளுக்குத் தேவையே இல்லை. வேறு சில வீடுகளிலோ, மாற்றியிருக்க வேண்டிய பீலிக்கு ஆண்டுதோறும் தார் பூசிக் காசைக் கரைக்கிறார்கள். எந்த வீடு எந்த வகை என்பதைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கூரையில் விழும் ஒரு இலட்சம் லீற்றர்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீரைத்தான். அதற்கு வரவு மழை மட்டுமே. வரவுக்கு மேல் இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறு உவராகிறது.

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீற்றர். ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீற்றர் பெய்யும் இந்த மண்ணில், அந்த ஒரு கூரையில் மட்டும் ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் விழுகிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மழைநீர் சேகரிப்புக்கு இலங்கை 2005இல் தேசியக் கொள்கையே வகுத்தது. ஆனால் தொட்டி கட்டினாலும் கிணற்றடியில் ஊறுகுழி வெட்டினாலும் கூரைத் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது பீலிதான்.

பீலி கைவிட்ட தண்ணீர் சும்மாவும் போகாது. தாவாரத்தின் கீழே மண்ணை அரித்து அத்திவாரத்தின் ஓரத்தைத் திறந்துவிடும். தெறித்த ஈரத்தைப் பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உறிஞ்சும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். பீலி பிடித்திருக்கும் பலகையும் உக்கத் தொடங்கும்.

முதல் வேலை கழுவுதல்

ஒழுக்கு என்று நாம் நினைப்பதில் பாதி, வழிவுதான். வேப்பிலையும் மாவிலையும் ஓட்டிலிருந்து கழன்ற பாசியும் குழாய் வாயில் அடைத்துக்கொள்ள, தண்ணீர் விளிம்புக்கு மேலால் வழிகிறது. ஆகவே முதலில் குப்பையை அள்ளி, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். ஏணியைக் கெட்டியான நிலத்தில் ஊன்றி, கீழே ஒருவர் பிடித்திருக்க ஏறுங்கள். மழை ஈரத்தில் ஏற வேண்டாம்.

கழுவியபின், வெயில் நாளொன்றில் உயர்ந்த முனையிலிருந்து வாளியால் தண்ணீரை ஊற்றிக் கீழிருந்து பாருங்கள். மூட்டில் சொட்டுகிறதா, முனை மூடியிலா, குழாய் இறங்கும் வாயிலா, அல்லது பீலியின் நடு உடம்பிலா? பீலிக்குள் ஊற்றும்போது எங்கும் சொட்டாமல், மழையில் மட்டும் பின்பக்கச் சுவரில் வழிந்தால் குற்றம் பீலியில் இல்லை. கடைசி வரிசை ஓடு பீலிக்குள் எட்டவில்லை, அல்லது பீலி பலகையை விட்டு விலகித் தொங்குகிறது. புதுப் பீலி வாங்கிப் போட்டாலும் அந்தச் சுவர் நனையும்.

தண்ணீர் ஓடி முடிந்தபின் எங்காவது தேங்கி நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்டம் பிழைத்துவிட்டது என்று பொருள். 10 அடிக்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை குழாய்ப் பக்கம் சரிவு வேண்டும். தேங்கும் இடத்தில்தான் தகரம் முதலில் கறள் பிடிக்கும். டெங்கு நுளம்பு முட்டையிடுவதும் அங்கேதான். முட்டை முழு நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதை மறக்கக் கூடாது.

தகரத்தைச் சுரண்டிப் பாருங்கள்

கல்வனைஸ் தகரத்துக்கு உயிர் அதன் மேல் பூசிய நாகம். கடல் உப்புக் காற்றிலும் தேங்கிய ஈரத்திலும் நாகம் தீர்ந்துபோனால் உள்ளிருக்கும் இரும்பு கறள் பிடிக்கிறது. கறள் கண்ட இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். அடியில் உறுதியான தகரம் இருந்தால் அது திருத்தக் கூடிய பீலி. முனை உள்ளே இறங்கினாலோ, தகரம் பொருக்குப் பொருக்காகக் கழன்றாலோ அந்தத் துண்டு முடிந்துவிட்டது.

மூட்டு மட்டும் விட்டிருந்தால் கழற்றித் துடைத்து, மீண்டும் பொருத்திப் பற்றாசு வைக்கலாம். அல்லது மூட்டுக்கான பசை பூசி ஆணியிட்டு இறுக்கலாம். மேட்டுப் பக்கத் தகரம் பள்ளத்துப் பக்கத் தகரத்தின் மேல் படிந்திருக்க வேண்டும். மாறிப் படிந்தால் எந்தப் பசையும் தாங்காது. சிறு துவாரத்துக்கு ஒட்டும் தகரத் துண்டை உட்பக்கத்தில் வையுங்கள். வெளியே ஒட்டினால் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பாசிக்கும் ஈரத்துக்கும் கறளுக்கும் மேல் பூசிய சிலிக்கன் ஒரு மாரி தாண்டாது.

அலுமினியப் பீலியானால் இரும்பு ஆணி அடிக்காதீர்கள். உப்புக் காற்றில் இரண்டும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி அலுமினியம் அரிபடும். குடிநீர்த் தொட்டிக்குப் போகும் பீலியில் தாரும் ஈயம் கலந்த பற்றாசும் வேண்டவே வேண்டாம்.

பி.வி.சி. பீலியின் நோய்

பி.வி.சி. கறள் பிடிக்காது, வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 10 மீற்றர் நீளம், வெப்பநிலை 20 பாகை கூடினால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீள்கிறது. அதற்கு இடம் விடாமல் இரு முனையையும் இறுக்கிப் பூட்டினால் மூட்டுக் கிழியும். அப்படிக் கிழிந்த மூட்டை ஒட்டுவது மட்டும் போதாது. அது அசைய இடமுள்ள மூட்டாக மாற்றிப் போட வேண்டும். பீலியின் உடம்பே வெயிலில் வெளிறி, விரலால் அழுத்தினால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் ஒட்டுப் போட இடமில்லை.

எப்போது மாற்றுவது?

ஒரு துண்டு மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் மாற்றத் தகுந்த காரணங்கள் சிலவே. மூட்டுகளுக்கு இடையில், பல இடங்களில் தகரம் துளைந்திருப்பது ஒன்று. கூரை வளர்ந்திருப்பது மற்றொன்று: வீட்டுக்குப் பத்தி இறக்கி, இரு கூரைத் தண்ணீரையும் பழைய ஒடுக்கமான பீலியிலேயே விட்டிருப்போம். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்யும் மழையில் 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 150 லீற்றருக்கு மேல் இறங்கும். அங்கே அகலமான பீலி தேவை, அல்லது இன்னொரு இறக்கு குழாயாவது தேவை.

புதியது வாங்கும்போது எல்லோரும் கேட்பது எந்தப் பொருள் நல்லது என்று. அதைவிட முக்கியம் கொக்கி. 6 அங்குல அகலமுள்ள அரைவட்டப் பீலி 20 அடி நீளத்துக்கு நிரம்பினால் 50 கிலோவுக்கு மேல் பாரம். இரண்டு, மூன்று அடிக்கு ஒரு கொக்கி இல்லையென்றால் எந்தப் பீலியும் தொய்யும்; தொய்ந்தால் தேங்கும்; தேங்கினால் பழைய கதைதான். பலகை உக்கியிருந்தால் முதலில் பலகையை மாற்றுங்கள். நூல் கட்டி வாட்டம் பிடித்த பின்பே கொக்கி அடிக்கச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையானால் சீற்றைத் துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் பெரும்பாலான வீடுகளில் மிஞ்சுவது இரண்டு மூட்டு, நான்கு கொக்கி, ஒரு துண்டுத் தகரம் என்ற அளவு வேலைதான். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடம் கொடுங்கள். மிச்சப்படும் காசில் இறக்கு குழாயை ஒழுங்கைக்கு விடாமல் வளவுக்குள் திருப்பி, மணலும் சல்லியும் நிரப்பிய ஊறுகுழிக்கு விடுங்கள். கூரையைக் கழுவி வரும் முதல் மழைத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டால் போதும். இதையெல்லாம் செய்யப் புரட்டாதியே நல்ல காலம். ஐப்பசி பிறந்தபின் வேலையாளும் கிடைக்கமாட்டார், மழையும் பொறுக்காது.